அரூர்: நிலமும் மக்களும் அரசும்



ஒரு நாட்டைப் பற்றிப் பள்ளியில் படிக்கும்போது நிலம், மக்கள், அரசு என்று மூன்று தலைப்புகளில் படிப்போம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லெசோத்தோ என்றொரு சிறிய நாடு இருக்கிறது. அதற்குக் கடற்கரை கிடையாது. நான்கு புறமும் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாடு சூழ்ந்து நிற்கிறது. நாடு முழுவதும் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே அமைந்த மலை நாடு. 1966-ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. மூன்றாம் லெட்சி என்ற மன்னர் இருக்கிறார். ஆனால் ஆட்சி நடத்துவது பிரதமரும் நாடாளுமன்றமும்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் அங்கே சென்று, அம்மக்களிடையே பணியாற்றிய ஜோசப் ஜெரார்டு அடிகளாரை அருளாளராக அறிவித்தார்.

அந்த மலையில் பெய்யும் மழைநீரைக் கட்சே அணையில் தேக்கிச் சுரங்கவழியாகத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அந்நாட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குச் சென்றார்கள். மலையின் நீரும் கீழே போகிறது. மலையின் மக்களும் கீழே போகிறார்கள்.

இதைப் படிக்கும் தருமபுரி மாவட்டத்துக்காரர் யாருக்கும் அரூர்ப் பகுதி நினைவுக்கு வரும். அதே மூன்று தலைப்புகளில் நம் அரூரையும் ஒருமுறை பார்ப்போமா?

நிலம்

தருமபுரியிலிருந்து கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் அரூர் அமைந்துள்ளது. ரயில் ஏற வேண்டுமென்றால் மொரப்பூருக்குப் போக வேண்டும். கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். தெற்கே சித்தேரி மலை, தென்மேற்கே சேர்வராயன் மலை, வடகிழக்கே தீர்த்தமலை எனக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் இப்பகுதியைச் சூழ்ந்துள்ளன.

சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டி அருகே அணையில் தேங்கி, அரூர் வழியாகச் சென்று தென்பெண்ணையில் கலக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, இங்கிருந்து சாத்தனூர் அணைக்குப் போய், கடலூர் அருகே கடலைச் சேர்கிறது. கடல் தொலைவில் இருந்தாலும் அதன் சீற்றம் இங்கும் எட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையிலும் அரூரிலும் கொட்டித் தீர்த்தது. தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரை மக்களைத் தவிக்க வைத்தது. ஆனால் மழை பொய்க்கும் ஆண்டுகளில் இதே நிலம் வெடித்துக் கிடக்கும். ஆகவே கரும்பும் மஞ்சளும் பயிரிடும் நிலம் ஒருபுறம், மானாவாரியில் மரவள்ளியையும் கேழ்வரகையும் நம்பியிருக்கும் நிலம் மறுபுறம் என இரண்டு அரூர் உண்டு. கரும்பு விவசாயிகளுக்குக் கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. மானாவாரி விவசாயிக்கு வானம்தான் துணை.

மக்கள்

சமவெளியில் பல சாதியினரும் சமயத்தினரும் கலந்து வாழ்கிறார்கள். மலையிலும் மலையடிவாரத்திலும் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, தேனும் புளியும் கடுக்காயும் சேகரித்து வாழ்ந்தவர்கள். இன்று மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள்.

அரசு

மைசூர்ப் போருக்குப் பின் 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுபவரிடமே நேரடியாக வரி வாங்கும் முறையை இங்கே வகுத்தார்கள். பின்னாளில் மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறையின் தொட்டில் நம் மாவட்டம்தான். அன்று முதல் காகிதம் உள்ளவருக்கே நிலம் என்றாயிற்று. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபின், மலைக்காடுகள் ஒதுக்கப்பட்ட காடுகளாயின. பாட்டன் காலத்திலிருந்து அங்கே வாழ்ந்தவர், தம் சொந்த மண்ணிலேயே ஆக்கிரமிப்பாளர் ஆனார்.

விடுதலைக்குப் பின் 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தபோது அரூர் தருமபுரியிலேயே நின்றது. இன்று அரூரில் வட்டாட்சியர் அலுவலகமும் கோட்டாட்சியர் அலுவலகமும் உள்ளன. அரூர் ஒரு தனித் தொகுதி. சட்டமன்றத்தில் நமக்கு உறுப்பினர் உண்டு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடம்தான் பெற வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. மலைமேல் வாழும் ஒரு தாய்க்கு அரசு என்பது அந்த அலுவலகத்தின் படிக்கட்டுதான்.

வாச்சாத்தி

அரசு மலையடிவாரத்திற்குத் தானே தேடி வந்த நாளும் ஒன்றுண்டு. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக்கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, ஆடுமாடுகள் பறிபோயின, குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அந்தப் பெண்கள் வாய் மூடி இருந்துவிடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும் அவர்களோடு நின்றார்கள். 1995-இல் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023-இல் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டார். அன்று கைக்குழந்தையாய் இருந்தவர்கள் இன்று முப்பதைக் கடந்துவிட்டார்கள்.

சிந்திப்போம்

நிலம், மக்கள், அரசு ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை வாச்சாத்தி நமக்குச் சொல்கிறது. எங்கே சாலை முடிகிறதோ, அங்கே பெரும்பாலும் சட்டத்தின் பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது. லெசோத்தோ சிறிய நாடுதான். ஆனாலும் தன் நீருக்கு விலை கேட்க அதற்கென்று ஒரு நாடாளுமன்றம் உண்டு. நம் மலை மக்களுக்கு இருப்பது கிராம சபை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்தச் சபைக்குத்தான் அதிகாரம் தந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பம், 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. பிறகு அது கோட்ட அளவிலான குழுவுக்குச் செல்லும்.

சட்டம் இருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆசிரியர்களும், அலுவலக நடைமுறை அறிந்த ஓய்வுபெற்ற ஊழியர்களும், இளைஞர்களும் நம் பங்குகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து அலுவலக வாசலில் காத்திருக்கும் ஒருவருக்கு அரைநாள் ஒதுக்கி, உடன் நின்று, மனு எழுதிக் கொடுத்தால் போதும். அவருக்கும் அரசுக்கும் இடையே உள்ள தூரம் அந்த அளவுக்குக் குறையும். அந்த அரைநாளை நம்மால் தர முடியாதா?