நிற்கத் தெரிந்த எஞ்சின்

1870 ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளைக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்குள் வந்து நங்கூரம் பாய்ச்சியது. நீளம் 692 அடி. அன்று உலகில் அதைவிட நீளமான கப்பல் கிடையாது. அடுத்த கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்கும் அப்படி ஒன்று வரப்போவதில்லை. கரையோடு அணைத்துக் கட்ட இங்கே இடமும் இல்லை. சசூன் டாக் 1875-ல்தான் வந்தது, பிரின்ஸஸ் டாக் 1880-ல். ஆகவே அது நடுத் துறைமுகத்திலேயே நின்றது. திலக் நகரில் ஹார்பர் லைன் வண்டி ஏறி டாக்யார்டு ரோட்டில் இறங்குபவருக்கு மஜ்காவ் கிரேன்களுக்குப் பின்னால் தெரிகிறதே, அதே தண்ணீரில்தான். அன்று ஹார்பர் லைனும் இல்லை, திலக் நகரும் இல்லை.

அந்தக் கப்பலின் பெயர் ‘கிரேட் ஈஸ்டர்ன்’. இசம்பார்ட் கிங்டம் புரூனல் வடிவமைத்தது. பயணிகள் கப்பலாகத் தோற்றுப்போய், கடலடித் தந்திக் கம்பி போடும் வேலையில் பிழைத்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் தொட்டி தொட்டியாகக் கேபிள். வெயிலில் கேபிளின் கட்டாபெர்ச்சா உறை இளகிவிடக் கூடாதே என்று உடம்பெல்லாம் வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த பிப்ரவரி நடுவில் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கேபிளை இறக்கிக்கொண்டே கிளம்பியது. சுமார் 1,800 கடல் மைல். ஜூனில் லண்டனும் பம்பாயும் தந்தியில் இணைந்தன. அதை ஒட்டியே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கேபிள் போயிற்று.

பம்பாய் வரலாற்றில் இந்தக் கப்பலுக்குக் கிடைத்த இடமெல்லாம் அந்தக் கேபிளால் கிடைத்ததுதான். நியாயம்தான். ஆனால் அதே கப்பலில், கேபிளோடு சம்பந்தமில்லாத ஒரு சின்ன நீராவி எஞ்சின் இருந்தது. கப்பலை ஓட்டும் எஞ்சின் அல்ல. சுக்கானைத் திருப்புவதற்கென்றே வைத்தது. ஜான் மெக்ஃபார்லேன் கிரே என்ற பொறியாளர் 1866-ல் காப்புரிமை பெற்று, லிவர்பூலில் செய்து, மறு ஆண்டு பொருத்திய கருவி. என்னைக் கேட்டால், அன்று துறைமுகத்தில் நின்ற பொருட்களில் எதிர்காலம் அதிகம் அடங்கியிருந்தது அந்த எஞ்சினில்தான்.

சுக்கானுக்கு எஞ்சின் ஏன்? பாய்மரக் கப்பல்களின் காலத்தில் ஒருவரோ இருவரோ சக்கரத்தைப் பிடித்தால் போதும். காற்று அடித்தால் நான்கு பேர். சக்கரத்தின் அச்சில் சுற்றிய கயிறு கப்பிகள் வழியாகப் பின்புறம் போய், சுக்கான் தண்டில் பொருத்திய நெம்புகோலை இழுக்கும். நீராவியும் இரும்பும் வந்ததும் இந்தக் கணக்கு கெட்டது. கப்பலின் வேகம் இரண்டு மடங்கானால் திருப்பிய சுக்கானின் மீது மோதும் நீரின் விசை நான்கு மடங்கு. கப்பல் நீண்டது, சுக்கானும் அகன்றது. கப்பிகளைக் கூட்டினால் ஆள்பலம் போதும்தான்; ஆனால் சக்கரத்தை அத்தனை சுற்று அதிகம் சுற்ற வேண்டும், அதற்குள் எதிரே வரும் கப்பல் வந்துவிடும். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘மினோட்டார்’ சோதனை ஓட்டத்தில் சுக்கானைத் திருப்ப 78 பேர் தேவைப்பட்டார்கள்: சக்கரங்களில் 18 பேர், உதவிக் கயிறுகளை இழுக்க 60 பேர்.

கிரேட் ஈஸ்டர்ன் இதில் சூடு பட்ட கப்பல். 1861 செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து நியூயார்க் போகும் வழியில் புயல் பிடித்தது. இரு பக்கத் துடுப்புச் சக்கரங்களும் பிய்ந்து போயின. இரும்புச் சுக்கான் தண்டு முறிந்தது. நூற்றுக்கணக்கான பயணிகளோடு நாட்கணக்கில் அலையின் போக்கில் உருண்டது. கடைசியில் பயணிகளில் ஒருவரான ஹாமில்டன் டவுல் என்ற அமெரிக்கப் பொறியாளர், முறிந்த தண்டின் மிச்சத்தில் கனத்த சங்கிலியைச் சுற்றி அதை ஆட்டுவிக்கும் வழி சொன்னார். அப்படித்தான் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. பிறகு அவர் கப்பலை மீட்டதற்கு வெகுமதி கேட்டு வழக்குப் போட்டார் என்பது இன்னொரு கதை.

பலம்தான் பிரச்சினை என்றால் அது எளிது. கப்பலில் பாய்லர் இருக்கிறது, ஒரு குழாயை இழுத்து ஒரு வின்ச்சை ஓட்டினால் சுக்கான் திரும்பிவிடும். இதை யோசித்தவர்கள் கிரேக்கு முன்பே இருந்தார்கள். அமெரிக்கரான ஃபிரடெரிக் சிக்கல்ஸ் நீராவியால் சுக்கானைத் திருப்பும் கருவியை 1862 லண்டன் பொருட்காட்சியில் வைத்துப் பார்த்தார். வாங்க ஆள் வரவில்லை.

கஷ்டம் திருப்புவதில் இல்லை, நிறுத்துவதில். நீராவியைத் திறந்துவிட்டால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மூடும்வரை சுக்கான் போய்க்கொண்டே இருக்கும். மாலுமிக்கு வேண்டியதோ பத்து டிகிரி. மேல்தளத்தில் நிற்பவருக்குச் சுக்கான் தெரியாது. அவர் நீராவியைத் திறந்து, கணக்குப் பார்த்து, சரியான நொடியில் மூட வேண்டும். அலை மோதிச் சுக்கான் நழுவினால் மறுபடியும் திறக்க வேண்டும். இரவெல்லாம் இதைச் செய்ய முடியுமா?

நம் கட்டட மாடிகளில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவைப் பந்தைப் பாருங்கள். முனிசிபல் தண்ணீர் வந்ததும் தொட்டி நிரம்புகிறது, தண்ணீரே பந்தைத் தூக்குகிறது, பந்து வால்வை மூடுகிறது. நடந்த வேலையே வேலையை நிறுத்துகிறது. கிரே செய்ததன் உயிரும் இதுதான். ஒரே வித்தியாசம், தொட்டிக்கு மட்டம் ஒன்றுதான். சுக்கானுக்கோ மட்டத்தை மாலுமி நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

கருவி இப்படி வேலை செய்யும். சக்கரத்தைச் சுற்றுபவர் சுக்கானைத் தொடுவதே இல்லை. ஒரு சிறு வால்வைத்தான் அசைக்கிறார். வால்வு நடுவில் இருந்தால் நீராவி வரும் வழியும் போகும் வழியும் அடைபட்டு எஞ்சின் நிற்கும். ஒரு பக்கம் நகர்ந்தால் எஞ்சின் ஒரு திசையில் சுழலும். மறுபக்கம் நகர்ந்தால் நீராவி வந்த வழி போகும் வழியாகவும், போன வழி வரும் வழியாகவும் மாறி, எஞ்சின் திரும்பிச் சுழலும். இந்த வால்வை நகர்த்தும் திருகுக்கு கிரே இரண்டு எசமானர்களை வைத்தார். ஒருவர் மாலுமியின் சக்கரம். மற்றவர் அந்த எஞ்சினேதான். சக்கரம் திருகை ஒரு பக்கம் தள்ளி வால்வைத் திறக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே அதே திருகை எதிர்ப்பக்கம் இழுத்து வால்வை மூடப் பார்க்கும். மாலுமி சுற்றிக்கொண்டே இருக்கும்வரை எஞ்சின் துரத்திக்கொண்டே வரும். அவர் கை நின்றால், சுக்கான் சொன்ன இடத்தை எட்டும் கணத்தில் வால்வு நடுவுக்கு வந்து எஞ்சினும் நிற்கும். அலை அடித்துச் சுக்கானை நகர்த்தினாலும் கவலையில்லை; நகர்ந்த சுக்கான் எஞ்சினைப் புரட்டும், எஞ்சின் வால்வைத் திறக்கும், திறந்த நீராவி சுக்கானைத் தன் இடத்துக்கே கொண்டுவரும்.

சிலிண்டர்கள் இரண்டு இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பிஸ்டன் ஓரத்தில் நின்றுவிட்டால் கிளம்பாது, யாராவது தள்ளிவிட வேண்டும். இரண்டு கிராங்குகளைச் செங்கோணத்தில் வைத்துவிட்டால் எந்த நிலையிலிருந்தும் உடனே கிளம்பும். நீராவியைச் சிக்கனமாகச் செலவிடும் நுணுக்கம் எதுவும் இதில் இருக்காது. கூப்பிட்ட கணத்தில் முழுப் பலத்தோடு எழ வேண்டும், அவ்வளவுதான்.

திருகிலும் பல்சக்கரத்திலும் தேய்மானம் வந்தால் கோளாறு தொடங்கும். எஞ்சின் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். கப்பல் பொறியாளர்கள் இந்தத் தள்ளாட்டத்தை ‘ஹண்டிங்’ என்பார்கள். நிறுத்தும் அமைப்பையே ‘ஹண்டிங் கியர்’ என்றுதான் இன்றைய மரைன் எஞ்சினியரிங் மாணவரும் படிக்கிறார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் பிரான்சில் ஜோசஃப் ஃபார்கோ இதே தத்துவத்தில் தன் கருவிகளைச் செய்து, 1873-ல் புத்தகமும் எழுதினார். சொன்னதைத் தொடர்ந்து வரும் இவ்வகை எஞ்சினுக்கு அவர் வைத்த ‘சர்வோ மோட்டார்’ என்ற பெயர்தான் பொம்மை விமானம் வரைக்கும் வந்திருக்கிறது.

புகழ்ந்தது போதும், தொல்லைகளும் உண்டு. பாய்லர் கப்பலின் நடுவில், சுக்கான் கடைக்கோடியில். நீண்ட குழாயில் நீராவி குளிர்ந்து தண்ணீராகிச் சிலிண்டரில் தேங்கும். புறப்படும் முன் வடிகுழாய்களைத் திறந்து, எஞ்சினைச் சூடேற்றி, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் அந்த அறைக்குள் எண்ணெய் போடப் போனவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். சத்தம் வேறு. அதைவிட முக்கியமான ஒன்றும் போயிற்று. கையால் பிடித்த சக்கரத்தில் கடலின் அழுத்தம் சுக்கானிக்குத் தெரியும். நீராவி வந்ததும் சக்கரம் ஊமையாகிவிட்டது. பெரிய அலை சுக்கானில் மோதும்போது சக்கரம் வெறிபிடித்துச் சுழன்று ஆளைத் தூக்கி எறிவதும் அதோடு நின்றது என்பதால், இந்த இழப்பைப் பற்றிச் சுக்கானிகள் அதிகம் வருந்தியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்து வந்தது, சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓடிய நீண்ட தண்டுகளையும் சங்கிலிகளையும் ஒழிக்கும் வேலை. எடின்பரோவின் ஆண்ட்ரூ பெட்ஸ் பிரவுன் அதைத் திரவத்தால் செய்தார். தண்ணீரும் கிளிசரினும் நிரப்பிய இரண்டு மெல்லிய செப்புக் குழாய்கள். இங்கே சக்கரம் தள்ளினால் அங்கே வால்வு நகரும். கிளிசரின், குளிரில் உறையாமலிருக்க. டைட்டானிக்கில் இருந்ததும் பிரவுனின் இந்த டெலிமோட்டர்தான். பின்புறத்தில் ஒன்றுக்கு இரண்டாக நீராவி ஸ்டீயரிங் எஞ்சின்கள். சக்கரம் இருந்த மர அறை முழுக்க அழிந்த பிறகும் டெலிமோட்டரின் வெண்கலத் தண்டு கடலடியில் நிமிர்ந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பனிப்பாறையைத் தவிர்க்கக் கப்பலை இடப்பக்கம் திருப்பச் சொன்னபோது அதிகாரி இட்ட கட்டளை ‘வலம்’ என்பது. நெம்புகோலைக் கையால் பிடித்த காலத்து வழக்கம், நெம்புகோல் கண்ணில் படாமல் போய் வெகுகாலம் ஆன பிறகும் கட்டளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்புகோல் வலம் போனால் கப்பல் இடம் போகும்.

திலக் நகர் தாங்கியிருக்கும் பெயருக்கு உரியவரைத் தலைவராக வரித்த வ.உ.சிதம்பரனார், 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்காகப் பம்பாய்க்கு வந்து அலைந்து, மறு ஆண்டு ‘காலியா’ கப்பலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோன காலமும் இதுதான். அதற்குள் நீராவி ஸ்டீயரிங் அதிசயமாக இல்லாமல் போயிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய லிபர்ட்டி கப்பல்கள் வரை அது நீடித்தது. பிறகு மின்சார பம்பும் எண்ணெய் அழுத்தமும் அந்த இடத்தைப் பிடித்தன. நீராவி போயிற்று, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு மட்டும் போகவில்லை.

போகாததோடு கரையேறியும் விட்டது. 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், நல்ல சுக்கானி ஒருவர் எப்படிக் கப்பலைப் பிடிக்கிறார் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் அந்தச் சுக்கானி பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு நேரமாக விலகியே கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார். ‘நியூ மெக்சிகோ’ போர்க்கப்பலில் இதைச் சோதித்தார்கள். அந்த மூன்று கணக்குகளின் கூட்டுதான் இன்று பி.ஐ.டி. கண்ட்ரோலர் என்ற பெயரில் எல்லா ஆலைகளிலும் ஓடுகிறது. திலக் நகரிலிருந்து கொஞ்சம் தெற்கே போனால் செம்பூரின் ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை, அதற்கும் அப்பால் மாகுலில் பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ரிஃபைனரிகள். இத்தகைய ஆலைகளில் குழாய்தோறும் இருக்கும் வால்வுகளின் தலையில் ‘பொசிஷனர்’ என்றொரு பெட்டி உட்கார்ந்திருக்கும். வந்த கட்டளையையும் வால்வுத் தண்டு நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை காற்றைச் செலுத்தி, பொருந்தியதும் நிறுத்துவது அதன் வேலை. நீராவிக்குப் பதில் காற்று, சுக்கானுக்குப் பதில் வால்வு. மற்றபடி கிரேயின் எஞ்சின்தான். இன்ஸ்ட்ருமென்டேஷன் ஷிஃப்டில் இருக்கும் எத்தனையோ பேருக்கு இந்தப் பூர்வீகம் தெரியாமலிருந்தால் ஆச்சரியமில்லை. கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948-ல் தன் பின்னூட்ட அறிவியலைப் புத்தகமாக்கியபோது கப்பல் ஸ்டீயரிங் எஞ்சின்களுக்கு அந்த முன்னோர் மரியாதையைச் செய்தார்.

மாகுலுக்கான கச்சா எண்ணெய் ஜவாஹர் தீவில் டேங்கர்களிலிருந்து இறங்கி, கடலடிக் குழாய் வழியாக வருகிறது. டேங்கரின் சுக்கான் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1978 மார்ச் 16 அன்று பிரான்சின் பிரிட்டனி கரை பார்த்தது. ‘அமோகோ காடிஸ்’ கப்பலின் ஸ்டீயரிங் கியர் எண்ணெய் அழுத்தத்தை இழந்தது. கப்பல் பாறையில் ஏறி, சுமார் 2.2 லட்சம் டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதன் பிறகு டேங்கர்களுக்கான சர்வதேச விதிகள் இறுகின. ஒரு பகுதி பழுதானால் அதை ஒதுக்கிவிட்டு மறுபகுதியால் உடனே திருப்ப முடிய வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது சுக்கான் ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 வினாடிக்குள் வர வேண்டும் என்பது எல்லாக் கப்பல்களுக்கும் உள்ள விதி. புறப்படும் முன் 12 மணி நேரத்துக்குள் சோதனை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவசரகாலப் பயிற்சி.

அந்தப் பயிற்சியில் ஒருவர் ஸ்டீயரிங் அறைக்கே இறங்கிப் போவார். பிரிட்ஜிலிருந்து வரும் இணைப்பு அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வார்கள். காதில் தொலைபேசி மட்டும். மேலிருந்து “இடம் பத்து” என்று குரல் வரும். அவர் பம்பின் வால்வைக் கையால் அழுத்துவார். அங்கே ஹண்டிங் கியர் துணைக்கு வராது. அழுத்திய விரலை எடுக்கும்வரை சுக்கான் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே சுக்கான் தண்டின் மேலுள்ள டிகிரி அளவுகோலில் கண் வைத்து, முள் பத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரலை எடுத்துவிட்டு, “இடம் பத்து” என்று திருப்பிச் சொல்வார்.