உங்களுக்குத் தெரியுமா? கள்ளக்குறிச்சி மரமும் இலவம்பஞ்சு மெத்தையும்

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேக்கு, வாகை போன்ற முழு மரத்தில் உளியால் செதுக்கும் தொழில் இது. சாமி சிலைகள், கதவுகளோடு அறைகலன்களும் இங்கே உருவாகின்றன.

படுக்கையறையில் முழு மரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒட்டுப்பலகையும் மரத்தூள் பலகையும் பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையால் பிணைக்கப்படுபவை. புதிய கட்டில், அலமாரியிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்லக் கசியும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். கண்ணும் தொண்டையும் எரியும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. முழு மரக் கட்டிலில் பசை சொற்பம். ஆனால் புவிசார் குறியீடு ஊருக்கும் கைவினைக்கும்தான் சான்று, மேலே பூசிய வார்னிஷுக்கு அல்ல! அதன் நெடி அடங்கும்வரை கட்டிலைக் காற்றோட்டமான இடத்தில் வைப்பது நல்லது.

மெத்தைக்கு இலவம்பஞ்சு ஏற்றது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இதற்குப் பெயர்பெற்ற ஊர். இலவ இழை உள்ளே காற்று நிரம்பிய நுண்குழல். மேலே மெழுகுப் படலம் இருப்பதால் நீர் எளிதில் ஒட்டாது. உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் ஒருகாலத்தில் இதை அடைத்ததும் அதனால்தான். குறையும் உண்டு: எளிதில் தீப்பற்றும், நாளடைவில் அமுங்கிக் கட்டிதட்டும். வெயிலில் காயவைத்தால் ஓரளவு உப்பும். நைந்த பின் பஞ்சைப் பிரித்து உதறி மறுபடி அடைக்கலாம். நுரை மெத்தையில் இது நடக்காது.

கோடையில் மெத்தையே வேண்டாம் என்பவர்களுக்குச் சாயமிடாத கோரைப்பாய் போதும்.