ஒரே நெட் கனெக்‌ஷன், பதினைந்து பேர்... தப்பு நடந்தால் போலீஸ் யாரைத் தேடி வரும்?

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் பிஜி-யில் தங்கியிருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். நெட் கனெக்‌ஷன் ஓனர் பெயரில் ஒன்றே ஒன்று இருக்கும். அதில் பதினைந்து போன், நாலைந்து லேப்டாப். வைஃபை பாஸ்வேர்ட் சுவரில் ஒட்டியிருக்கும். அந்த லைனில் இருந்து யாராவது ஆன்லைன் மோசடி செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது ஓனர் வீட்டு வாசலில்தான்.

ஏன் அப்படி?

வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே ஒரு ஐபி முகவரி என்பதால்தான். ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். ஆளுக்கொன்று தர முடியாது. அதனால் 192.168 என்று தொடங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என 1996-ல் ஒதுக்கிவிட்டார்கள். வாசலைத் தாண்டினால் இந்த எண் செல்லாது.

பிஜி-க்கு ஒரே கதவு எண்தான். எல்லோருடைய பார்சலும் அங்கேதான் வரும். எது எந்த ரூமுக்கு என்பது வார்டனின் நோட்டில் இருக்கும். நெட்டில் அந்த வார்டன் வேலையைச் செய்வதுதான் 'நாட்' எனும் தொழில்நுட்பம்.

பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கா?

பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கக் கூட்டம் கூடுமே, அந்தக் கடைகளில் ஓனர் டேபிளில் இருந்த கம்ப்யூட்டர்தான் பல இடங்களில் சர்வர். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றில் மோடத்தின் ஒயர், இன்னொன்றில் இருந்து ஸ்விட்ச் வழியாக மற்ற கம்ப்யூட்டர்கள். 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இப்படிப் பகிரும் வசதி இருந்தது. இன்று வீட்டில் இருக்கும் ரவுட்டர் செய்வதும் இதே வேலைதான்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தால் இப்போதும் இதைச் செய்யலாம். லினக்ஸ் அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎன்சென்ஸ் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் பலர் சறுக்குவார்கள். ரவுட்டர் 192.168.1 வரிசையில் எண் கொடுக்கிறது என்றால், உள்பக்கக் கார்டுக்கும் அதே வரிசையைக் கொடுக்கக் கூடாது. எந்தப் பக்கம் அனுப்புவது என்று சர்வர் குழம்பிவிடும். உள்ளே 192.168.50 என மாற்றிவிடுங்கள். எண் வழங்கும் டிஎச்சிபி-யும் உள்பக்கக் கார்டில் மட்டும்தான் ஓட வேண்டும்.

நோட்டு எங்கே?

சிக்கலே இங்கேதான். அந்த 'வார்டன் நோட்டு' நிரந்தரம் இல்லை. இணைப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் அந்த வரி அழிந்துவிடும். ஆறு மாதம் கழித்து, 'அன்றைக்கு ராத்திரி 11 மணிக்கு இந்த ஐபி-யில் யார்?' என்று போலீஸ் கேட்டால், சாதாரண ரவுட்டரிடம் பதில் இருக்காது. நடுவில் சர்வர் இருந்தால் அதை லாக் ஆக எழுதி வைக்கச் சொல்லலாம். தேதி, நேரம், உள் முகவரி, போர்ட் எண் இந்த நான்கும் இருந்தால் ஆளை நெருங்கிவிடலாம்.

பிரவுசிங் சென்டர்களுக்கு இது கட்டாயம். 2011 சைபர் கஃபே விதிகளின்படி அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டையும் லாக்கையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். (தடுப்பு நாலரை அடி உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது வரை அதில் இருக்கிறது!)

போனின் மேக் முகவரியைக் குறித்து வைத்தால் போதாதா என்றால், போதாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் போலி மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன. ஆளுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுப்பதே சரியான வழி. சுவரில் ஒட்டிய பேப்பரை முதலில் கிழித்துவிடலாம்.

வீட்டு பிளானை வாங்கி, பக்கத்து வீடுகளுக்கு மாதக் காசுக்கு விற்பது வேறு கதை. அதற்குப் பொதுவாக அனுமதி கிடையாது. கடை வைத்திருப்பவர்கள் வைஃபை விற்க ஆசைப்பட்டால், 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அதில் சேரும் கடைக்காரருக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் வேலையையும் திட்டத்தில் உள்ள ஆப் நிறுவனங்களே பார்த்துக்கொள்ளும்.