ஃபோல்டிட்: புரத மடிப்பும் இராமச்சந்திரன் வரைபடமும்

ஃபோல்டிட் என்பது புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிய உதவும் ஓர் இலவசக் கணினி விளையாட்டு ஆகும். அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட இது 2008ஆம் ஆண்டு வெளியானது. அறிவியல் தரவுகளைப் பொதுமக்கள் பார்ப்பதோடு நில்லாமல் கையாளவும் வழி செய்த விளையாட்டுகளில் இது முக்கியமானது. சென்னையில் பிறந்த ஒரு கண்டுபிடிப்பும் இதனுள் கருவியாக அமைந்துள்ளது.

புரத மடிப்பு

அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோத்து அமைந்ததே புரதம். இச்சங்கிலி தானாக மடிந்து ஒரு குறிப்பிட்ட வடிவம் பெற்ற பிறகே பெரும்பாலான புரதங்கள் வேலை செய்யும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கு அச்சு உண்டு. களிமண் குழம்பை ஊற்றினால் அச்சின் வடிவம் கிடைத்துவிடும். புரதத்திற்கு அப்படி அச்சு கிடையாது. எப்படி மடிய வேண்டும் என்பது அமினோ அமிலங்களின் வரிசையிலேயே அடங்கியுள்ளது. ஆனால் மடியக்கூடிய வழிகள் எண்ணற்றவை என்பதால், சரியானதைத் தேடுவது கணினிக்கும் கடினமாக இருந்தது.

இராமச்சந்திரன் வரைபடம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் இச்சிக்கலுக்கு ஓர் எல்லை வகுத்தனர். ஒவ்வோர் அமினோ அமிலத்தின் இடத்திலும் சங்கிலி ஃபை, சை என்ற இரு கோணங்களில் திரும்புகிறது. அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாகக் கருதினால், பல கோணங்களில் அவை ஒன்றோடொன்று மோதும். அக்கோணங்கள் இயலாதவை. மோதல் இல்லாத கோணங்கள் வரைபடத்தில் சில பகுதிகளில் மட்டுமே அமைகின்றன. உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க இவ்வரைபடம் இன்றும் பயன்படுகிறது.

விளையாடும் முறை

திரையில் ஒரு புரதம் தோன்றும். நீரை வெறுக்கும் பகுதிகள் ஆரஞ்சு நிறத்திலும், நீரை விரும்பும் பகுதிகள் நீல நிறத்திலும் காட்டப்படும். முன்னவை உள்ளே ஒளிய வேண்டும். அணுக்கள் மோதினால் சிவப்பு முள்ளுருண்டை தோன்றும். ஆட்டக்காரர் சங்கிலியை இழுக்கலாம், குலுக்கலாம், இரப்பர் பட்டை போட்டுக் கட்டலாம். வடிவத்தின் ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் கூடும். இராமச்சந்திரன் வரைபடத்தைத் திறந்தால் ஒவ்வோர் அமினோ அமிலமும் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளியை நகர்த்தினால் சங்கிலியின் வளைவும் மாறும். உயிர்வேதியியல் படிக்காதவரும் இவ்வாறு கோணத்தின் பொருளைக் கண்ணால் உணர்கிறார்.

பயன்கள்

மேசன்-ஃபைசர் குரங்கு வைரசு, குரங்குகளுக்கு எய்ட்சு போன்ற நோயைத் தருவது. அதன் புரதத்தை வெட்டும் நொதி ஒன்றின் அமைப்பு பத்தாண்டுகளுக்கு மேலாகத் தெளிவாகாமல் இருந்தது. 2011இல் ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் மூன்று வாரங்களில் நல்ல மாதிரியைத் தந்தனர். அதைக்கொண்டு ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து அமைப்பைத் தீர்மானித்தனர். எச்.ஐ.வி. மருந்துகள் சில, இதே வகை நொதியைத் தடுப்பவை என்பதால் இது கவனம் பெற்றது. ஆய்வுக் கட்டுரையில் ஆட்டக்காரர் குழுக்களும் ஆசிரியர்களாக இடம்பெற்றன. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆட்டக்காரர்கள் மாற்றியமைத்த நொதியின் செயல்திறன் 18 மடங்குக்கு மேல் கூடியது.

இன்றைய நிலை

ஆல்ஃபாஃபோல்டு போன்ற செயற்கை நுண்ணறிவு நிரல்கள் இன்று பல புரதங்களின் வடிவத்தை விரைவில் கணிக்கின்றன. அதனை உருவாக்கிய டெமிசு அசாபிசு, ஜான் ஜம்பர் ஆகியோருடன், ஃபோல்டிட் உருவாக்கத்தில் பங்கேற்ற டேவிட் பேக்கரும் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனவே வடிவம் கணிப்பதில் மனிதரின் தேவை குறைந்துள்ளது. ஆயினும் புதிய புரதங்களை வடிவமைக்கும் புதிர்கள் விளையாட்டில் இடம்பெற்றுள்ளன. பாடநூலில் புள்ளிகளாக மட்டும் தெரியும் இராமச்சந்திரன் வரைபடத்தை மாணவர் தம் கையால் அசைத்துப் பார்க்க முடிவது, வகுப்பறைக்கு இவ்விளையாட்டு தரும் நிலையான பயனாகும்.