ஹம் வருதா, கரகரக்குதா?

ஆடி பிறந்துவிட்டால் பூந்தமல்லி, மாங்காடு, திருவேற்காடு வட்டாரத்து அம்மன் கோயில்களில் கூழ் காய்ச்சும் முன்பே மைக் செட் ஏறிவிடும். சில செட்டுகளில் பாட்டுக்கு முன்னால் ஒரு ‘ம்ம்ம்’ வரும். மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் ஒரு காலத்தில் காசு போட்டுக் கேட்ட ஜூக்பாக்ஸ் வகையறாக்களுக்கும், மைக் செட்காரர் பரணில் தூங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் இதே தொல்லைதான். கண்ணில் பட்ட பாகத்தையெல்லாம் மாற்றத் தேவையில்லை. எந்த மாதிரி இரைச்சல் என்று காது பிரித்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

50ஆ, 100ஆ?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயர் அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது, ஏற்ற இறக்கம் விநாடிக்கு 100 ஆகிறது. இரண்டும் ஒரே சுரம்தான், ஒரு ஸ்தாயி வித்தியாசம். பாட்டுப் பழக்கமுள்ள காதுக்குச் சட்டென்று பிடிபடும். கூம்பு ஸ்பீக்கரில் இவ்வளவு கீழ் ஒலி சரியாக வராது. 12 அங்குல ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வேண்டும்.

100 என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் கண்டென்சர் மேல். அதன் உள்ளிருக்கும் ஈரப்பசை வருடக்கணக்கில் உலர்ந்துபோகும். 10 டிகிரி வெப்பம் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பக்கத்திலேயே வால்வு கொதிக்கும்போது கேட்கவே வேண்டாம். தலை உப்பியிருந்தாலோ, அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தாலோ அதை மாற்றிவிடலாம்.

50 என்றால் பெரும்பாலும் மின்சாரம் எங்கிருந்தோ சிக்னல் வழியில் நுழைகிறது: இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் பிக்கப்பின் வயரில் ஷீல்டு அறுந்திருக்கும், எர்த் இரண்டு வழியில் சுற்றி வரும், அல்லது வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயர், சிக்னல் நுழையும் கிரிட் பக்கம் உரசிப் போகும். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னையே வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. சத்தம் போகலாம், கூடவே உயிருக்கு இருந்த காவலும் போய்விடும்.

வாசலில் நுழையும் தூசி

காந்த வகை பிக்கப் தரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். 5 மில்லிவோல்ட்டை 15 வோல்ட் ஆக்க வேண்டுமென்றால் 3,000 மடங்கு பெருக்க வேண்டும். முதல் வால்வில் நுழையும் சின்னத் தொல்லையும் அதே 3,000 மடங்காகத்தான் வெளியே வரும்.

அதனால் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வால்யூமை முழுக்கக் குறைக்க வேண்டும். இரைச்சலும் குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முந்தைய பகுதியில். குறையாவிட்டால் பிந்தைய பகுதியிலோ பவர் சப்ளையிலோ. பிறகு செட்டை அணைத்து, முதல் வால்வைக் கழற்றிவிட்டு, செட்டை மறுபடி போட்டுக் கேட்க வேண்டும். நின்றுவிட்டால் கோளாறு அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. நிற்காவிட்டால் அடுத்த வால்வு. ஸ்பீக்கர் இணைப்பை மட்டும் கழற்றவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கரகரப்பு வேறு கதை. வால்யூமைத் திருகும்போது மட்டும் வந்தால் உள்ளே தேய்மானமோ அழுக்கோ. பென்சிலால் வால்வைத் தட்டும்போது வந்தால் வால்வு, அல்லது துரு ஏறிய சாக்கெட். மெழுகு தோய்த்த பழைய பேப்பர் கண்டென்சர் ஈரம் குடித்து லீக் ஆனாலும் கரகரக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அவுட்புட் வால்வின் பிளேட் சிவந்து எரியும்.

உள்ளே 400 வோல்ட்

பல வருடம் ஓடாத செட்டை நேரடியாக 230 வோல்ட்டில் போடக் கூடாது. ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அணைத்த பிறகும் கண்டென்சரில் 300, 400 வோல்ட் தேங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

அமெரிக்க ஜூக்பாக்ஸுக்கு இன்னொரு சிக்கல். அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் மெதுவாக ஓடி, நிமிடத்துக்கு 45 சுற்ற வேண்டிய தட்டு 37.5 சுற்றும், 5 கட்டைப் பாட்டு 3 கட்டைக்கு இறங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரை எவ்வளவு நோண்டினாலும் இது தீராது. மோட்டாரின் புல்லியையோ கியரையோ மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் மெல்லிய ‘ஸ்ஸ்ஸ்’ மிஞ்சும். பழைய கார்பன் ரெசிஸ்டரை மாற்றினால் கொஞ்சம் குறையும், முழுக்க நிற்காது. கடத்தியில் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் தாறுமாறாக அலைவதே ஓர் இரைச்சல் என்று பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்து காட்டினார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வந்தன. அந்த ‘ஸ்ஸ்ஸ்’ஸை விரட்ட நல்ல வால்வுகளையெல்லாம் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், போதும் என்று சொல்லி செட்டை வாங்கி வந்துவிடலாம்.