சுங்கானுக்கு ஓர் அலமாரி

புகையிலையைச் சுங்கானில் இட்டுப் புகைக்கும் வழக்கம் ஐரோப்பிய இல்லங்களில் நிலைபெற்றிருந்த காலத்தில், வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு சுங்கான்கள் என்று தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கிழமையைக் குறித்த அழகிய பெட்டிகளில் வைத்து விற்பதுண்டு. ஞாயிற்றுக்கிழமை புகைத்ததை அடுத்த ஞாயிறு வரையில் தொடலாகாது என்பதே அந்த ஏற்பாட்டின் உட்கருத்து. ஏனெனில், புகையிலை எரியும்போது எழும் நீராவியும் பிசினும் மரத்தின் நுண்துளைகளில் ஊறி நிற்குமாதலால், அந்த ஈரம் வற்றுமுன் மறுபடியும் நெருப்பு வைத்தால் சுவையும் கெடும், மரமும் கெடும். சுங்கான்களை நிறுத்திவைக்கும் மரச்சட்டம், கிண்ணம் அமர ஒரு குழியும் தண்டு சாய ஒரு வெட்டுமாக, நாற்புறமும் காற்றுப் புகும்படி திறந்து அமைந்ததும் இக்காரணம் பற்றியே. உலர்த்துவதுதான் அதன் பிரதான காரியம். கண்ணுக்கு விருந்தாக இருப்பது பிற்பாடு வந்து சேர்ந்த பெருமை.

புகையிலையின் கொடுமையை மருத்துவ சாஸ்திரம் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டிவிட்ட பிறகு, சுங்கான் பிடிப்போர் அருகி, சுங்கான் சேர்ப்போர் மிகுந்திருக்கின்றனர். இந்த மாறுதலை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சேர்ப்பவர்கள் முதற்காரியமாகப் புகைப்பவரின் சட்டத்தை விலைக்கு வாங்கி, அதில் தம் செல்வத்தை வரிசையாக நிறுத்தி, நல்ல வெளிச்சம் விழும் சாளரத்தின் அருகே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அன்றாடம் புகைக்கப்படும் சுங்கானுக்குக் காற்று வேண்டும். புகைப்பது நின்றுபோன சுங்கானுக்கோ முதலில் வேண்டுவது இருள். எந்தச் சுங்கானை எங்கே வைப்பது என்பதை அறையின் அலங்காரம் நிர்ணயிக்கக் கூடாது, அது எப்பொருளால் ஆனதோ அப்பொருளின் சுபாவமே நிர்ணயிக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பெரும்பாலான சேகரங்களில் மிகுதியாகக் காணப்படுவது பிரையர் சுங்கான். கார்சிகா, கலாப்ரியா, அல்ஜீரியா முதலிய மத்தியதரைக் கடற் பிரதேசங்களின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்மரத்தின் அடியில், தண்டுக்கும் வேருக்கும் நடுவே முண்டும் முடிச்சுமாகத் திரண்டு கிடக்கும் கழலையே அதற்கு உரிய கட்டை. அதைத் தோண்டியெடுத்து, துண்டுகளாக அறுத்து, பல மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சாற்றைப் போக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே அது கடைசல்காரனின் கைக்கு வருகிறது. பிரான்ஸ் தேசத்து ஜூரா மலைகளில் உள்ள ஸேன்-க்ளோத் என்னும் சிற்றூரின் கைவினைஞர்கள் 19-ஆம் நூற்றாண்டின் மத்தியில் இக்கட்டையைக் கையாளத் தொடங்கியதிலிருந்து, உலகமெங்கும் மரச்சுங்கான் என்றாலே பிரையர் என்று ஆகிவிட்டது. நெருப்பைத் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இம்மரம் வீட்டில் வைத்துக் காப்பதற்கு அதிகத் தொல்லை தருவதில்லை. பழைய சுங்கானாயின், கிண்ணத்தின் உட்புறத்தில் படிந்திருக்கும் கரியை ஒரு காசின் கனத்துக்கு மட்டும் விட்டுவிட்டு மிகுதியைச் சுரண்டி, தண்டின் துளையை நாரிட்டுத் துடைத்து, உள்ளீரம் அடியோடு வற்றும்வரை திறந்த இடத்தில் வைத்திருந்து, அதன் பிறகே அலமாரிக்குள் குடியேற்ற வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூசணம் பிடிக்கும்.

தொல்லையெல்லாம் வாயில் வைக்கும் முனையில்தான் இருக்கிறது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். அந்த முறையில் கந்தகத்தின் பங்கை மிகுதிப்படுத்தினால் கிடைப்பது, கருங்காலியைப் போல் கறுத்துப் பளபளக்கும் வல்கனைட். நூறாண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலான பிரையர் சுங்கான்களுக்கு வாய்முனையாக அமைந்தது இதுவே. பல்லுக்கு இதமானது, கடைவதற்கு எளியது. ஆனால் ஒளி இதற்குப் பரம சத்துரு. வெயிலில் கலந்துள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டதும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் துணைசேர, மேற்பரப்பிலுள்ள கந்தகம் மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாறுகிறது. கருமை பழுப்பாகி, பழுப்பு பச்சை கலந்த மஞ்சளாகி, நாவில் வைத்தால் கரிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. இதைக் கண்டு பதறி வெந்நீரில் கழுவுகிறவர்கள் மேலும் பழுப்பேற்றிவிடுகிறார்கள். மெருகேற்றிக் கருமையை மீட்கலாம் என்பது உண்மையே; எனினும் ஒவ்வொரு மெருகிலும் ஒரு படலம் தேய்ந்துபோகிறது, அதனோடு தயாரித்தவரின் முத்திரையும் மங்குகிறது. முத்திரை போன சுங்கானின் வரலாற்றில் பாதி போயிற்று. ஆகையால் வல்கனைட் முனையுள்ளவற்றைச் சாளரத்துக்கு எதிர்ச்சுவரில்கூட வைக்காமல், கதவு மூடிய அலமாரியில் வைப்பதே விவேகம். ஒளிக்கு மிக அஞ்சும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வகுத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ். நண்பர் வந்தால் விளக்கேற்றிக் காட்டி, அவர் போனதும் அணைத்துவிடுகிற வீட்டு அலமாரியில் அந்த வரம்பை அனுசரிப்பது கடினமன்று. பிற்காலத்து அக்ரிலிக் முனைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இருளில் வைத்தாகிவிட்டது என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. வல்கனைட்டிலிருந்து கசியும் கந்தக வாயுக்கள், காற்றோட்டமற்ற பெட்டிக்குள் தேங்கி, காம்பைச் சுற்றி அணிவிக்கப்பட்ட வெள்ளிப் பட்டையைக் கறுக்கச் செய்கின்றன. டப்ளின் நகரத்துப் பீட்டர்ஸன் சுங்கான்கள் போல, வெள்ளிப் பூணால் அழகுபெற்றவற்றை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பெட்டிக்கு உள்விரிப்பாகக் கம்பளித் துணியை ஒட்டினால், கம்பளியிலும் கந்தகம் உண்டாதலால், தீமை இரட்டிக்கிறது. பருத்தித் துணியே உத்தமம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973-இல் வகுத்த ஒரு பரீட்சை இன்றளவும் கையாளப்படுகிறது: ஐயத்துக்குரிய துணியையோ மரத்தையோ, வெள்ளி, ஈயம், செம்பு ஆகியவற்றின் சிறு தகடுகளோடும் சிறிது நீரோடும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைத்திருந்து, தகடுகள் மாசுபட்டனவா என்று பார்ப்பது. வீட்டில் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும் ஒரு துணித்துண்டை நிபுணர்கள் இத்தனை சிரத்தையோடு சோதித்தே காட்சிப் பேழைக்குள் அனுமதிக்கிறார்கள் என்பதை அறிந்தால், அலமாரிக் கதவில் இரண்டு காற்றுத்துளை போடுவதற்கு நாம் சோம்பமாட்டோம்.

மீர்ஷாம் சுங்கானைப் பற்றிப் பேசும்போது மனம் தானே நெகிழ்கிறது. துருக்கி தேசத்தில் எஸ்கிஷெஹிர் நகரைச் சுற்றியுள்ள நிலத்தடியில் கட்டிகளாகக் கிடைக்கும் இந்த வெண்மையான மெக்னீஷியக் கனிமம், உலர்ந்த நிலையில் நீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. நனைந்த நிலையில் கத்திக்கு இணங்கும் அளவுக்கு மிருதுவானது. 19-ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரத்துச் சிற்பிகள் இதில் செதுக்கிய வேட்டைக் காட்சிகளிலும் தாடி வைத்த முதியோர் முகங்களிலும் மயிரிழையளவு கோடுகளைக்கூடக் காணலாம். செதுக்கி முடித்ததைத் தேன்மெழுகில் தோய்த்தெடுப்பார்கள். புகைக்கப் புகைக்க, சூட்டில் இளகிய மெழுகோடு புகையின் சாறும் கலந்து பரவி, வெண்மை பொன்னிறமாகி, பொன்னிறம் செம்பழுப்பாகும். பல ஆண்டுப் பொறுமையில் ஓர் உரிமையாளர் ஏற்றிய அந்த வர்ணமே இதன் சௌந்தரியம். அதைப் போக்கி மறுபடி வெண்மையாக்க முயல்வது அறியாமையால் நேரும் பெரும் பிழை. சூடாயிருக்கும்போது விரல் பட்டால் மெழுகில் ரேகை பதியுமென்று, அக்காலத்தவர் கிண்ணத்தைத் தொடாமல் காம்பைப் பிடித்தே புகைத்தார்கள். ஆறியிருக்கும் சுங்கானையும் எண்ணெய்ப் பசையுள்ள கையால் நாம் தொடலாகாது.

ஒவ்வொரு மீர்ஷாம் சுங்கானுக்கும் அதன் வடிவத்தையே பின்பற்றி, வெளியே தோலும் உள்ளே வெல்வெட்டுமாக, ஓர் உறைப்பெட்டி பிரத்தியேகமாகச் செய்யப்படும். பெட்டியை ஓரிடத்திலும் சுங்கானை வேறிடத்திலும் வைத்துப் பிரித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது. பெட்டியின் உள்மூடியில் விற்றவரின் பெயரும் ஊரும் பொன்னெழுத்தில் பொறித்திருக்கும். சுங்கானிலேயே அந்தச் செய்தி பெரும்பாலும் இராது. பெட்டியைத் திறந்து, அதன் மடியிலேயே சுங்கான் கிடக்க, மேலே கண்ணாடி மூடிக் காட்டுவதே இதற்கு ஏற்ற காட்சி முறை. தூசியும் அணுகாது. இவ்வகைச் சுங்கான்களின் வாய்முனை பல சமயம் அம்பரால் ஆனது. யுகயுகாந்தரங்களாக மண்ணில் புதைந்து இறுகிய மரப்பிசினாகிய அம்பர், ஒளியிலும் வறட்சியிலும் மேற்பரப்பு வெடித்து மங்கும். சாராயம் கலந்த துடைப்பு நீர் பட்டால் பளபளப்பை இழக்கும். உலர்ந்த மெல்லிய துணிக்கு மேல் எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

களிமண் சுங்கானுக்கு ஒளியும் ஒன்றுதான், இருளும் ஒன்றுதான். உடைவது ஒன்றே அதற்குள்ள அபாயம். ஹாலந்தில் கௌடா, இங்கிலாந்தில் ப்ரோஸ்லி முதலிய ஊர்களில் பெருவாரியாகச் செய்யப்பட்ட இந்த வெண்மண் சுங்கான்கள், உடைந்தால் வீசியெறியும் அளவுக்கு மலிவாயிருந்தமையால், தேம்ஸ் நதியின் சேற்றுக் கரையில் இன்றும் துண்டு துண்டாகக் கிடைக்கின்றன. லண்டன் துறைமுக அதிகார சபையின் அனுமதிச் சீட்டுப் பெற்றே அவற்றைத் தேடலாம். இத்துண்டுகளையும் நான் சேகரத்தில் உயர்ந்த ஸ்தானத்தில் வைப்பேன். 1954-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், தண்டின் துளை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அங்குலத்தின் 64-இல் 9 பங்கு இருந்ததென்றும், காலப்போக்கில் குறுகி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4 பங்காயிற்றென்றும் அளந்து காட்டினார். ஒரு துளையிடும் ஊசியின் அடிப்புறத்தைத் துண்டுக்குள் நுழைத்துப் பார்த்தே, குவியலாகக் கிடைத்த துண்டுகளின் காலத்தை உத்தேசமாகச் சொல்லும் வழி இதனால் பிறந்தது. ஆனால் எந்தக் கரையில், எந்தத் துண்டுகளோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் இந்தச் சாஸ்திரம் கைகொடுக்காது.

குறிப்பு எழுதிவைப்பதை அலமாரி செய்விப்பதற்கும் முந்திய கடமையாக நான் கருதுகிறேன். ஷெஃபீல்டு நகரத்து வில்லியம் ப்ராக் உலகெங்குமிருந்து சுங்கான்களைத் திரட்டியவர். அவருடைய சேகரம் பிற்பாடு பல கைகளுக்குப் பிரிந்துபோன போதிலும், 1880-இல் அவர் அச்சிட்ட ‘பிப்லியோதிகா நிகோடியானா’ என்னும் பட்டியல், அவரிடம் என்னென்ன இருந்தன என்பதை இன்றும் நமக்குச் சொல்கிறது. சுங்கானின்மேல் எண் இட வேண்டுமானால், பின்னால் கரைத்தெடுக்கக் கூடிய தெளிவான பிசின் ஒன்றைச் சிறு இடத்தில் பூசி, அதன்மேல் மையால் எழுதுவது அருங்காட்சியகத்தார் முறை. ஒட்டுச் சீட்டு ஒட்டவே கூடாது.

துடைத்துப் புதிதாக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஐன்ஸ்டைனின் பிரையர் சுங்கான் ஒன்று இருக்கிறது. அதன் வாய்முனை கடித்துக் கடித்தே தேய்ந்திருக்கிறது. அம்முனையைக் கழற்றிவிட்டுப் புதிது பொருத்தினால், பார்ப்பதற்கு அழகிய மரச்சாமானாகுமேயன்றி, அந்த மகானின் சிந்தனைப் பொழுதுகளுக்குச் சாட்சியாக நிற்கும் பொருள் மறைந்துபோகும்.

இனி, வீட்டில் எங்கே வைப்பது? ஷெர்லாக் ஹோம்ஸ் முந்தின நாள் மிச்சமான புகையிலையைக் கணப்பின் மேல்தட்டில் உலர்த்தி, காலையில் அதையே புகைத்ததாகக் கோனன் டாயில் எழுதியிருக்கிறார். ஆங்கிலேய இல்லங்களில் சுங்கான் சட்டத்துக்கும் அந்த மேல்தட்டே சம்பிரதாயமான இடம். அனலும் புகையும் மாறிமாறி வரும் அவ்விடத்தைப் போல் சேகரத்துக்கு ஒவ்வாத இடம் வேறில்லை. உட்சுவரை ஒட்டிய, ஆழம் குறைந்த இழுப்பறைகள் பல கொண்ட அலமாரியையே நான் தேர்வேன். கிண்ணமும் காம்பும் அழுந்தாமல் படுக்க, பருத்தித் துணி வேய்ந்த பள்ளங்கள் அமைத்து, ஆறேழு சுங்கான்களை மட்டும் கண்ணாடிக்குப் பின் நிறுத்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவைத்தால், எதுவும் நெடுநாள் வெளிச்சத்தில் வாடாது. வருகிறவர்களும் புதியவற்றைக் கண்டு மகிழ்வார்கள். சுங்கான் கையில் ஏந்துவதற்கென்று பிறந்த வஸ்து. இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து விருந்தினரின் கையில் வைக்கும்போது அவர் அறிந்துகொள்ளும் எடையையும் வழவழப்பையும் எந்தக் கண்ணாடிப் பேழையும் தர இயலாது. துருக்கியரின் நீண்ட செர்ரி மரத் தண்டுடைய சிபூக்கை மட்டும் சாய்த்து நிறுத்தாமல், பல இடங்களில் தாங்கல் கொடுத்துக் கிடைநிலையில் வைக்க வேண்டும். இல்லையேல் தண்டு வளையும்.

காட்சிக்கு வைக்கவே கூடாத சுங்கான் ஒன்றும் உண்டு. அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடியினர், மினசோட்டாவிலுள்ள பைப்ஸ்டோன் என்னுமிடத்துச் சிவந்த கல்லில் கிண்ணம் கடைந்து, மரத்தண்டு பொருத்திப் புகைப்பது பிரார்த்தனையின் ஓர் அங்கம். 1836-இல் அவ்விடத்துக்குச் சென்ற ஓவியர் ஜார்ஜ் காட்லினின் பெயரால் அக்கல் காட்லினைட் எனப்படுகிறது. 1937-இல் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தில் கல் வெட்டும் உரிமை பூர்வகுடியினருக்கே உரியது. கிண்ணத்தையும் தண்டையும் இணைப்பதே அனுஷ்டானத்தின் தொடக்கம் என்பது அவர்களில் பல கூட்டத்தாரின் நம்பிக்கை. மற்ற வேளைகளில் இரண்டையும் தனித்தனியே துணியில் சுற்றிவைப்பார்கள். லகோட்டா மக்களின் ஆதிச் சுங்கான், தெற்கு டகோட்டாவின் க்ரீன் க்ராஸ் என்னும் ஊரில், பரம்பரைக் காவலரின் பொறுப்பில் இவ்வாறே பேணப்பட்டு வருகிறது. புனிதப் பொருள்களை உரிய மக்களிடம் திருப்பித் தர வேண்டுமென்று 1990-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் அரசின் பொருளுதவி பெறும் அருங்காட்சியகங்களைக் கட்டுப்படுத்துகிறதேயன்றி, தனி மனிதரின் அலமாரிக்குள் நுழைவதில்லை. எனினும், ஏலத்திலோ பாட்டனாரின் பெட்டியிலோ இத்தகைய சுங்கான் ஒன்று வந்து வாய்த்தவர், அதை இணைத்துச் சுவரில் மாட்டாமல், கிண்ணத்தையும் தண்டையும் பிரித்துத் தனித்தனியே சுற்றி வைத்து, எந்தக் கூட்டத்தாருடையது என்று விசாரித்து, அவர்களுக்கே எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.