பெரியவரின் மறதி எந்த வகை? கடிகாரப் படமும் காட்டிக்கொடுக்கும்!

மோட்டாரைப் போட்டோமா, இல்லையா என்று சந்தேகம் வந்து கிணற்றடிக்கு மறுபடி நடப்பது எல்லோருக்கும் உண்டு. ஆனால், காலையில் தானே தண்ணீர் கட்டிய வயலை மதியம் பார்த்து, ‘இதுக்கு யாருடா தண்ணி விட்டது?’ என்று பெரியவர் கேட்டால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் தொடக்கமாக அது இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இதில் பல வகைகள் உண்டு. நெற்பயிர் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவா, துங்ரோ நோயா என்று பார்த்த பிறகுதானே வைத்தியம்? இங்கும் அப்படித்தான்.

மருத்துவர் சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். ஐந்து நிமிடம் கழித்து அவற்றையே கேட்பார். அல்சைமர் வகையில் சொல் நினைவுக்கு வராது. ‘அது ஒரு பழம்’ என்று துப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் பலனில்லை. குதிருக்குள் நெல் போய்ச் சேரவே இல்லை. மூளை ரத்தக் குழாய் அடைப்பால் வரும் வகையில் நெல் உள்ளே இருக்கும், எடுக்கத்தான் தடுமாற்றம். யோசனை மெதுவாக ஓடும், துப்புக் கொடுத்தால் பல நேரம் சொல்லிவிடுவார். ரத்த அழுத்தம், சர்க்கரை, பக்கவாதம் இருந்தவர்களுக்கு இது அதிகம்.

அடுத்தது, வட்டம் போட்டு எண்களை எழுதி 11 மணி 10 நிமிடம் காட்டும் சோதனை. லூயி பாடி என்ற வகையில் ஆரம்பத்தில் ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும், கடிகாரமோ கோணிப்போகும். ‘திண்ணையில ரெண்டு குழந்தைங்க உட்கார்ந்திருக்கு’ என்று இல்லாததைச் சொல்வார். ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம். நடை விறைப்பாகும். பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கூட்டிப்போவது ஒருபுறம். அதைவிட ஆபத்து, அடக்குவதற்காக ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுப்பது. இந்த வகை நோயாளிக்கு அது உடலை இறுக்கி, உயிருக்கே உலை வைக்கலாம். இல்லாத உருவங்கள் தெரிவதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வகையில் ஞாபகச் சோதனையில் நல்ல மதிப்பெண்ணே வரலாம், குணம்தான் மாறும். கூச்சம் போய்விடும், பிறர்மேல் அக்கறை குறையும், இனிப்பைத் தேடித்தேடித் தின்பார். 50 வயதுகளிலேயேகூட வரும். வீட்டார் சொன்னால்தான் தெரியும்.

இந்தச் சோதனைகளில் பல, பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்து உருவானவை. பென்சிலே பிடிக்காத பாட்டிக்குக் கடிகாரம் கோணினால் அது நோயாகிவிடாது. எத்தனை வகுப்பு படித்தார் என்று சொன்னால், அதற்கேற்ற கேள்விகளைக் கேட்பார்கள். ‘ஒரு நிமிடத்தில் தெரிந்த விலங்குகளைச் சொல்லுங்கள்’ என்பதற்குப் படிப்புத் தேவையில்லை. பால் கணக்கை மனக்கணக்காகவே போட்டவர் இப்போது தடுமாறுகிறார் என்ற தகவலும் பெரிய துப்பு.

சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். இரண்டு வகை ஒன்றாகவும் இருக்கலாம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் ரத்தக்கசிவு ஆகியவையும் மறதியாக வரும். இவை சிகிச்சையில் சரியாக வாய்ப்புண்டு. அதனால்தான் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவில் காட்டலாம். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்தான் உடன் போக வேண்டும். முதலில் மாறியது எது, எந்த மாதத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போகவும். கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்க வேண்டாம். கேள்வி காதில் விழாததே பல நேரம் மறதியாகக் கணக்காகிவிடும்.